தையல் இயந்திரப் பெட்டிக்குள் ஒரு கணனி: அடம் ஒஸ்போர்னின் கதை

என் தமக்கையின் மகன் ரொறன்ரோவில் பொறியியலாளராகப் பணிபுரிபவர். அண்மையில் யாழ்ப்பாணம் வந்திறங்கியபோது, உடுப்புப் பெட்டியைவிடப் பாரமான கறுப்புப் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். கடலடியில் சுழியோடுபவர்களும் இராணுவத்தினரும் படப்பிடிப்பாளர்களும் கருவிகளை வைத்துக் கொண்டுசெல்லும் வகையைச் சேர்ந்த தடித்த பிளாஸ்ரிக் பெட்டி அது. மூடியின் விளிம்பைச் சுற்றி இறப்பர் வளையம். தண்ணீரும் தூசியும் உள்ளே போகா.

விறாந்தையில் அதைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறத்தில் ஒரு திரை. அடியில் ஓர் அலுமினியத் தகடு. அதன் கீழே கணனியின் தாய்ப்பலகை, சேமிப்பகம், மின்வழங்கி. ஓர் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவித் தாங்கியும் இரண்டு சிறு விளக்குகளும். விசைப்பலகை நடுவில் கிடந்தது. எல்லாவற்றையும் அவர் தம் கையாலேயே அளந்து, வெட்டி, பொருத்தியிருந்தார்.

"மாமா, உங்களுடைய பழைய பத்திரிகை நறுக்குகளைப் படமெடுக்கத்தான் இதைச் செய்தனான். முழுக் கணனியையும் பெட்டிக்குள்ளேயே கட்டினால் எங்கேயும் கொண்டுபோகலாம்தானே" என்றார். பின்னர், "இப்படி முதன்முதலில் செய்தவர் யாரெண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குச் சில பெயர்கள் மறப்பதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு என் மருமகனுக்குத் தெரிந்திருக்கவில்லை. வாசகர்களிற் பலருக்கும் தெரிந்திராது என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

தூக்கக்கூடியது என்றால் என்ன?

கணனியைத் தூக்கிச் செல்லலாம் என்ற எண்ணம் 1970களில் தோன்றியது. 1975 இல் ஐ.பி.எம். நிறுவனம் 5100 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதில் 5 அங்குலத் திரையும் விசைப்பலகையும் ஒரே உடலுக்குள் அமைந்திருந்தன. நிறை ஏறத்தாழ 25 கிலோ. விலையோ கிட்டத்தட்ட 9,000 டொலரில் தொடங்கி 20,000 டொலர் வரை சென்றது. தூக்கக்கூடியது என்று சொல்லப்பட்டாலும், ஒரு சாக்கு அரிசியின் அரைவாசியைச் சுமக்கும் வலுவும், ஒரு வீட்டை வாங்கும் வசதியும் உடையவர்களுக்கே அது பொருந்தியது.

அடுத்து, கலிபோர்னியாவில் இருந்த சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ரோ ஆய்வுகூடத்தில் அலன் கேய், அடெல் கோல்ட்பேர்க், டக்ளஸ் பெயார்பெயான், லரி ரெஸ்லர் முதலியோர் நோட்ரேக்கர் என்ற இயந்திரத்தை உருவாக்கினர். சூட்கேஸ் போன்ற உடல். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நிறை 22 கிலோ. 1978 அளவில் பத்து வரையான மாதிரிகள் செய்யப்பட்டன. அது கடைக்கு வரவேயில்லை. ஆனால் அந்த உருவம் பலர் மனத்தில் பதிந்தது.

சாதாரண மனிதன் கடையில் வாங்கி, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய முழுமையான கணனியாக வெற்றி பெற்ற முதலாவது இயந்திரம் 1981 இல் வந்தது. அதன் பெயர் ஒஸ்போர்ன் 1. அதனைச் செய்வித்தவர் அடம் ஒஸ்போர்ன்.

அருணாசல மலையடிவாரத்துப் பிள்ளை

அடம் ஒஸ்போர்ன் 1939 மார்ச் 6 ஆம் திகதி பாங்கொக் நகரிற் பிறந்தவர். தந்தை ஆதர் ஒஸ்போர்ன் ஆங்கிலேயர். அந்நகரின் சுலலொங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். கீழைத்தேய மெய்யியலில் ஈடுபாடு கொண்ட இத்தம்பதியர் ரமண மகரிஷியின்பால் ஈர்க்கப்பட்டனர். 1941 இல் லூசியா தம் பிள்ளைகளுடன் திருவண்ணாமலையிற் குடியேறினார். சீயத்துக்குத் திரும்பிய ஆதரை ஜப்பானியர் சிறைப்பிடித்து முகாமில் அடைத்தனர். போர் முடிந்த பின்னரே, 1945 இல், அவரால் குடும்பத்தோடு சேர முடிந்தது.

தகப்பன் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாத அந்த ஆண்டுகளைச் சிறுவன் அடம் அருணாசல மலையடிவாரத்திற் கழித்தான். தமிழ் ஒலிக்கும் வீதிகளே அவன் விளையாடிய வீதிகள். பள்ளிப் படிப்பின் ஆரம்பம் கொடைக்கானலில். பின்னாளில் ஆதர் ஒஸ்போர்ன் மகரிஷியைப் பற்றி எழுதிய ஆங்கில நூல்களே மேற்குலகில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தின. 1964 இல் ரமணாசிரமம் தொடங்கிய 'மவுண்டன் பாத்' சஞ்சிகையின் முதல் ஆசிரியரும் அவரே. ஆக, அடம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் பிள்ளை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி உண்டு.

பின்னர் அடம் இங்கிலாந்து சென்றார். அடம் 1961 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியற் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, எண்ணெய்க் கம்பனி ஒன்றிற் பணிபுரிந்தார். அந்த உத்தியோகம் அவருக்கு ஒத்துவரவில்லை. எழுத்தின் பக்கம் திரும்பினார். நுண்கணனிகள் பற்றி எளிய ஆங்கிலத்தில் அவர் எழுதி, தாமே வெளியிட்ட நூல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாகின. கணனிச் சஞ்சிகைகளில் அவர் எழுதிய பத்திகளும் பிரபலமானவை. தயாரிப்பாளர்கள் பொய் வாக்குறுதி கொடுத்தால் அப்பத்திகளில் விளாசித் தள்ளுவார். தமது பதிப்பகத்தை 1979 இல் மக்றோ-ஹில் நிறுவனத்துக்கு விற்ற பின்னர் கையிற் காசு இருந்தது. மற்றவர்களைக் குறை சொன்னது போதும், நாமே ஒன்றைச் செய்து காட்டுவோம் என்று புறப்பட்டார்.

பத்திரிகையாளன் எவனுக்கும் ஒருநாள் வரும் ஆசைதான் அது. பெரும்பாலானோர் அந்த ஆசையைத் தூங்கவைத்துவிடுவோம்.

பெட்டிக்குள் எப்படி அடக்குவது?

இயந்திரத்தை வடிவமைக்க அவர் நாடியது லீ பெல்சென்ஸ்ரைன் என்ற பொறியியலாளரை. கலிபோர்னியாவின் 'ஹோம்புரூ' கணனிக் கழகக் கூட்டங்களை நெறிப்படுத்தியவர் இவர். 1973 இல் பேர்க்லி நகரில் பொதுமக்கள் தகவல் எழுதிவைக்கும் கணனிப் பலகை ஒன்றை நிறுவிய குழுவிலும், 1976 இல் வெளிவந்த சொல்-20 கணனியின் உருவாக்கத்திலும் பங்குகொண்டவர்.

ஒஸ்போர்ன் விதித்த முதல் நிபந்தனை கணிதம் சார்ந்ததன்று, விமானம் சார்ந்தது. ஆசனத்தின் கீழே இயந்திரம் நுழைய வேண்டும்! அந்த அளவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. பெட்டியின் நடுவில் திரை, இரு பக்கமும் நெகிழ்வட்டு இயக்கிகள், அவற்றின் கீழே நெகிழ்வட்டுகளைச் செருகிவைக்கப் பைகள் என்று அமைத்தபோது, திரைக்கு மிஞ்சிய இடம் 5 அங்குலமே. அதில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள் மட்டுமே தெரியும். அலுவலகக் கடிதத்துக்கு 80 எழுத்துகள் வேண்டுமே? பெல்சென்ஸ்ரைன் நினைவகத்தில் 128 எழுத்து அகலமான பெரிய பக்கத்தை வைத்தார். திரையை அதன் மேல் நகரும் ஒரு சாளரமாக்கினார். கண்ணாடிக் குடுவையின் ஊடாகப் பத்திரிகை வாசிப்பது போன்ற அனுபவந்தான். ஆயினும் வேலை நடந்தது.

விசைப்பலகையே பெட்டியின் மூடி. அதைக் கவிழ்த்து மூடிப் பூட்டி, பின்புறத்துக் கைபிடியைப் பற்றித் தூக்கினால், தையல் இயந்திரத்தை அதன் பெட்டியோடு தூக்கிச் செல்வது போலிருக்கும். நிறை 24½ இறாத்தல், அதாவது 11 கிலோ. உள்ளே சைலொக் இசட்-80 செயலி. 64 கிலோபைற் நினைவகம். நெகிழ்வட்டு ஒவ்வொன்றிலும் 91 கிலோபைற் அளவு. பற்றரி உள்ளே இல்லை. சுவரில் மின்சாரம் இருந்தாற்றான் உயிர்.

விலை 1,795 டொலர். அக்காலத்தில் மென்பொருள்களைத் தனித்தனியே பணம் கொடுத்து வாங்க வேண்டும். ஒஸ்போர்ன், சொற்செயலியான வேர்ட்ஸ்டார், கணக்குத் தாளான சுப்பர்கல்க், இரண்டு பேசிக் மொழிகள் ஆகியவற்றை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்தார். அந்த மென்பொருள்களைத் தனியே வாங்கினால் ஏறக்குறைய இயந்திரத்தின் விலையே ஆகிவிடும் என்பதால் மக்கள் முண்டியடித்தனர். உச்சக் கட்டத்தில் ஒரே மாதத்தில் 10,000 இயந்திரங்கள் விற்றன.

போதுமான அளவுக்கு ஒரு பொருள் அமைந்தால் அதுவே போதும், அதற்கு மேற்பட்டதெல்லாம் மிகை என்பது ஒஸ்போர்ன் பல தடவை சொல்லிவந்த கொள்கை. போதுமென்ற மனத்தைப் பற்றி எங்களிடமும் ஒரு பழமொழி உண்டு. திருவண்ணாமலையில் வளர்ந்தவர் அதனைக் கேட்டிருப்பாரோ என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன். அது என் ஊகம் மட்டுமே.

1981: இரண்டு திகதிகள்

ஒஸ்போர்ன் 1 முதன்முதலில் மக்கள் முன் வைக்கப்பட்டது 1981 ஏப்ரல் 3 ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேற்குக் கரைக் கணனிச் சந்தையில்.

அதற்கு இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்னர், மே 31 ஆம் திகதி இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணம் எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகையின் காரியாலயம் எரிக்கப்பட்டது. பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறமுடியாத ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. அந்தச் சாம்பர் காற்றில் பறந்து முற்றங்களில் விழுந்ததைக் கண்டவர்களுள் நானும் ஒருவன்.

இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் என் மனம் அவற்றைச் சேர்த்தே நினைக்கிறது. ஒஸ்போர்ன் பெட்டி ஒன்று அன்று யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தாலும் ஒரு பயனும் இருந்திராது. அதற்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதன் இரு வட்டுகளிலும் ஒரு சிறு புத்தகம்கூட முழுதாக அடங்குவது கடினம். ஆனாலும், எழுதியவற்றைப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் உலகின் ஒரு மூலையில் உருப்பெற்ற அதே பருவத்தில், தூக்கிச் செல்ல முடியாத எழுத்தெல்லாம் இன்னொரு மூலையில் எரிந்தது.

வீழ்ச்சியும் ஒரு சொற்றொடரும்

ஒஸ்போர்னின் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1981 ஓகஸ்ற் மாதம் ஐ.பி.எம். தனது தனியாள் கணனியை வெளியிட்டது. 1982 இல் கேப்ரோ என்ற நிறுவனம் அதே 1,795 டொலருக்கு, 9 அங்குலத் திரையுடன், உலோகப் பெட்டிக்குள் ஒரு கணனியை விற்றது. 1983 ஆரம்பத்தில் ஹூஸ்ரன் நகரின் கொம்பாக் நிறுவனம் ஐ.பி.எம். மென்பொருள்களை ஏற்கும் 28 இறாத்தல் கணனி ஒன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது. முதல் ஆண்டிலேயே அதன் விற்பனை 11 கோடி டொலரைத் தாண்டியது.

1983 இல் ஒஸ்போர்ன் தமது அடுத்த இயந்திரமான எக்செக்கியூற்றிவ் பற்றிப் பேசத் தொடங்கினார். 7 அங்குலத் திரை; விலை 2,495 டொலர். புதியது வரப்போகிறதென்றால் பழையதை யார் வாங்குவர்? விற்பனை விழுந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் கதை. 1983 செப்ரெம்பர் 13 ஆம் திகதி நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. வணிகப் பாடநூல்களில் இதற்கு 'ஒஸ்போர்ன் விளைவு' என்றே பெயரிட்டுவிட்டார்கள்.

ஒரு செய்தியாளனாக இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். அழகான கதை எப்போதும் முழுக் கதையாக இருப்பதில்லை. போட்டியாளர்களின் பெரிய திரையும், ஐ.பி.எம். பக்கம் சாய்ந்த சந்தையும், வளர்ச்சிக்கு ஈடுகொடுக்காத நிர்வாகமும் சேர்ந்தே அந்த நிறுவனத்தை வீழ்த்தின என்று சொல்வோர் உளர். கழிக்கப்படவேண்டிய பழைய தாய்ப்பலகைகளைப் பயன்படுத்துவதற்காக, மிச்ச உதிரிப்பாகங்களுக்கு இருபது இலட்சம் டொலர் வரை செலவிட்டமையே இறுதி அடி என்ற தகவலும் பின்னர் வெளிவந்தது. ஆனால் ஒரு மனிதனின் பெயர் ஒரு தவறுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டால், திருத்தங்கள் அதை எட்டிப் பிடிப்பதில்லை. பத்திரிகைகளாகிய நாங்கள் பலருக்குச் செய்திருக்கும் அநியாயம் இது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1984 இல் பேப்பர்பக் சொவ்ற்வெயார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மலிவுப் பதிப்புப் புத்தகம் போல மென்பொருளையும் மலிவாக விற்கலாம் என்பதே அதன் நோக்கம். 1987 இல் லோட்டஸ் நிறுவனம் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1990 இல் தீர்ப்பு ஒஸ்போர்ன் தரப்புக்கு எதிராக அமைந்தது. பின்னர் மூளை நோய் அவரைப் பீடித்தது. 1990களில் அவர் தம் சகோதரியிடம், கொடைக்கானலுக்குத் திரும்பினார். இளமையிற் பள்ளிக்குச் சென்ற அதே மலையூர். 2003 மார்ச் 18 ஆம் திகதி நித்திரையிலேயே அங்கு காலமானார். வயது 64. கணனி உலகைப் பெட்டிக்குள் அடக்கியவர் இறந்தது தமிழ்நாட்டில் என்பதைத் தமிழ் வாசகர்களிற் பலர் அப்போதும் அறியவில்லை.

மின்சாரம் இல்லாத ஊரில்

1980களின் நடுப்பகுதியில் கொழும்பில் வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவரிடம் ரி.ஆர்.எஸ்-80 மொடல் 100 என்ற சிறு கணனியைப் பார்த்தேன். 1983 இல் வெளிவந்தது அது. ஒரு கொப்பியின் அளவு, 1.4 கிலோ நிறை. திரையில் எட்டே வரிகள். நான்கு பேனா பற்றரிகளில் 20 மணித்தியாலம் இயங்கும். தொலைபேசிக் கம்பியூடாகச் செய்தியைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு அவர் தேநீர் அருந்தினார். நான் என் தட்டச்சுப் பிரதியோடு தபாலகத்துக்கு ஓடினேன்.

1990களில் யாழ்ப்பாணத்தில் அந்தப் பேனா பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அச்சுத்தாள் இன்றி, அப்பியாசக் கொப்பித் தாளிலும் பத்திரிகை வெளியானது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு ஊரே எழுந்து நடந்தது. என் வீட்டில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பெட்டியோடு கூடிய என் தட்டச்சுப்பொறி. மற்றது, இருபது ஆண்டுகளாக நான் வெட்டி ஒட்டிச் சேர்த்த பத்திரிகை நறுக்குகள் நிறைந்த றங்குப் பெட்டி. வயதான தாயாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ள வேண்டியிருந்தது. ஆகவே நறுக்குகளில் ஒரு பகுதியை மட்டும் உரப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றபோது அந்தப் பை நனையாதிருக்க என் சட்டையைக் கழற்றி அதன் மேற் போர்த்தேன். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் தட்டச்சுப்பொறியும் இல்லை. றங்குப் பெட்டியும் இல்லை.

மருமகன் படமெடுக்க வந்தது அன்று என் தோளில் வந்த அந்தப் பகுதியைத்தான்.

மீண்டும் ஒரு பெட்டி

அவர் தமது பெட்டியை எப்படி அமைத்தார் என்று கேட்டறிந்தேன். வெப்பமே முதல் எதிரி என்றார். பெட்டியில் காற்றுத் துளை போட்டால் நீர் புகும். போடாவிட்டால் கணனி வேகும். எனவே துளை போடாமல், மூடி திறந்திருக்கும்போது மட்டும் இயங்குமாறு செய்து, தகட்டின் ஒரு பக்கத்தால் காற்று நுழைந்து மறுபக்கத்தால் மேலே வெளியேறுமாறு விசிறிகளை வைத்திருக்கிறார். குலுக்கலைத் தாங்கத் தகட்டின் நான்கு மூலைகளிலும் இறப்பர் குமிழ்கள். பழைய பத்திரிகைத் தாள் மடித்தால் ஒடியும் என்பதால், அதைக் கண்ணாடியில் அழுத்தும் கருவியை விட்டு, மேலிருந்து படமெடுக்கும் முறையைக் கைக்கொண்டிருக்கிறார். இரு விளக்குகளும் சரிவாக ஒளி பாய்ச்சும். நிழலோ பளபளப்போ விழாது.

மின்சாரம் நின்றாலும் வேலை நடக்க இரண்டு பற்றரிகள். விமானத்தில் 100 வாற்-மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரிக்குக் கட்டுப்பாடு உண்டென்பதால், ஒவ்வொன்றையும் அந்த எல்லைக்குக் கீழேயே தெரிவுசெய்திருக்கிறார். 1981 இல் விமான ஆசனம் ஒஸ்போர்னின் பெட்டியை அளந்தது. இன்று விமானப் பற்றரி விதி இவருடைய பெட்டியை அளக்கிறது. நிறையைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 11½ கிலோ! ஒஸ்போர்னின் இயந்திரத்தைவிட அரைக் கிலோ அதிகம். இருவரும் சிரித்தோம்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. இதிலுள்ள ஒரு ரெராபைற் சேமிப்பகத்தில் அடங்குவதை ஒஸ்போர்னின் நெகிழ்வட்டுகளில் எழுதினால் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வட்டுகள் தேவைப்படும்.

நான்கு நாட்களில் நறுக்குகள் முழுவதையும் படமெடுத்து முடித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் மின்சாரம் நின்றது. விசிறி நின்றது, வேலை நிற்கவில்லை. 1978 இல் நான் எழுதிய ஒரு செய்தியின் மூலையில் மழைநீர்க் கறை இருந்தது. நாவற்குழியிற் பட்டது. அதையும் சேர்த்தே படமெடுக்கச் சொன்னேன்.

2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைத்துவரும் 'நூலகம்' திட்டத்தை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் பிரதிகளையும் அங்கே ஒப்படைக்க எண்ணியுள்ளோம். லண்டனிலும் சிட்னியிலும் பரிசிலும் ஒஸ்லோவிலும் இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலோ, ஊரிலுள்ள வீட்டின் பரணிலோ பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று இருக்கக்கூடும். அதைப் படமெடுக்க இத்தகைய பெட்டி வேண்டுமென்பதில்லை. சன்னலோர வெளிச்சமும் உங்கள் கையிலுள்ள தொலைபேசியும் போதும். தாள் அடுத்த மழைக்குக் காத்திருக்காது.